சடைச்சியின் தேனீக்களும் மாயத் துடைப்பமும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பளிங்கு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட ராஜாவின் பெயர் வெண்மாறன். நல்ல மனிதர்தான். பசித்து வந்தவருக்குச் சோறு போடுவார், அழுது வந்தவருக்கு நியாயம் செய்வார். ஆனால் தூசி மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. சிம்மாசனத்தின் மேல் ஒரு சருகு வந்து விழுந்தால் போதும், அன்றைக்குச் சபை கலைந்துவிடும்.

அவருடைய அரண்மனை முற்றங்களைப் பெருக்க முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரில் கெட்டிக்காரி சடைச்சி. நாற்பது வயது. உரத்த குரல், வேகமான கை. எந்தக் காற்று எந்த மூலையில் சருகைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் சபைக்கு ஒரு மந்திரவாதி வந்தான். பெயர் மாசறுத்தான். வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகை. வயது முந்நூறு, முகத்திலோ ஒரு சுருக்கம் கிடையாது. கையில் ஒரு துடைப்பம் வைத்திருந்தான்.

"மகாராஜா, முப்பது பேர் வேலையை இது ஒன்றே செய்யும்" என்று சொல்லித் துடைப்பத்தைத் தரையில் நிறுத்தினான். அது தானாக நின்றது. தானாக ஆடியது. தானாகப் பாடியது.

"சுத்தம் சுத்தம் சுத்தம்! சுவடே இல்லாத சுத்தம்!"

கண் மூடித் திறப்பதற்குள் சபை மண்டபம் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. ராஜா கைதட்டினார்.

"இதற்கு என்ன கூலி கேட்கிறாய்?"

"எதுவும் வேண்டாம் மகாராஜா. உங்கள் குடிமக்கள் தங்களுக்கு உரியதில் எதைத் தங்கள் வாயாலேயே குப்பை என்கிறார்களோ, அது எனக்குச் சேரவேண்டும். அவ்வளவுதான்."

"குப்பையைக் கூலியாகக் கேட்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எடுத்துக்கொள்!" என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

தூணோரம் நின்ற சடைச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே முப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாள் துடைப்பம் அரண்மனையைப் பெருக்கியது. இரண்டாம் நாள் தெருக்களைப் பெருக்கியது. மூன்றாம் நாள் காடு கழனிக்குப் போனது. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். ஆளாளுக்குக் கை நீட்டினார்கள்.

"அந்தப் பட்டமரம் குப்பை!"

"வரப்பில் மண்டிக்கிடக்கிற தும்பை குப்பை!"

"சுவர் ஓட்டையில் ஏதோ பூச்சி கூடு கட்டியிருக்கிறது, அதுவும் குப்பை!"

சொன்னதெல்லாம் போயிற்று. பட்டமரம் போனது. வரப்புப் பூக்கள் போயின. பொந்தும் புதரும் போயின. அவற்றில் குடியிருந்த தேனீக்களும் கூடவே போயின. எல்லாம் மாசறுத்தானின் வெள்ளைமலைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆற்றுக்கு அக்கரையில் சடைச்சிக்கு அரைக்காணி நிலம் இருந்தது. ஒரு மண் வீடு, ஒரு கிணறு, பூசணிக்கொடி, கத்தரிச் செடி. அவள் புருஷன் பெயர் குப்பாண்டி. முதலில் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை என்று, எமன் கண்ணில் படாதிருக்க அவன் அம்மா வைத்த பெயர் அது. அமைதியான மனிதன். செடிகளோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசமாட்டான்.

வேலை போய் அவள் வீடு வந்து சேர்ந்தாள். அவன் ஒரு மண்வெட்டியை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

அந்த வருஷம் பூசணி அமோகமாகப் பூத்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூத்த பூவெல்லாம் அழுகி உதிர்ந்தது.

"ஏங்க, பிஞ்சே பிடிக்கலையே" என்றாள் சடைச்சி.

"பிடிக்காது. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் போகணும். கொண்டு போற தேனீயைக் காணோம்" என்றான் குப்பாண்டி.

விடுவாளா சடைச்சி? விடியற்காலையில் எழுந்து, ஆண் பூவைப் பறித்து, பெண் பூவுக்குள் தன் கையாலேயே தடவினாள். இடுப்பு ஒடிய ஒடியத் தடவினாள். ஏழு பூசணி காய்த்தது. ஆனால் கத்தரிப்பூ அசைந்து கொடுக்கவில்லை. தடவினாலும், ஊதினாலும், ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை.

நாடு முழுக்க இதே கதை. அவரை காய்க்கவில்லை, எள் காய் கட்டவில்லை, மா பிடிக்கவில்லை. ராஜாவின் களஞ்சியம் பாதி காலியானது. சில குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்கு நடந்தன. வீதிகள் மட்டும் பளபளவென்று மின்னின.

மாதம் ஒருமுறை துடைப்பம் அக்கரைக்கும் வரும். ஒருநாள் காலை அது பாடிக்கொண்டே வந்தபோது, சடைச்சி கிணற்றோரம் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பட்டுப்போன கல்யாண முருங்கைக் கட்டை. ஓட்டை ஓட்டையாக உளுத்திருந்தது. நிலத்துக்குக் காவல்காரன்போல் துடைப்பம் அதன் முன் நின்று கேட்டது:

"இது குப்பையா?"

சடைச்சிக்கு எரிச்சல். "கண்ணு தெரியலையா உனக்கு? நான் உட்காருற கட்டை இது. போ அந்தப் பக்கம்!"

துடைப்பம் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

சடைச்சியின் கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. சபையில் மந்திரவாதி சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. 'தங்கள் வாயாலேயே.' அப்படியென்றால், நாம் சொல்லாவிட்டால் இதற்குத் தொட அதிகாரம் இல்லை!

அப்போது கட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் மெதுவாகப் பேசக்கூடாதா? உள்ளே பிள்ளைகள் இருக்கின்றன."

ஓட்டையிலிருந்து ஒரு கருவண்டு எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் பருமன், மையிட்டதுபோல் கறுப்பு, இறக்கையில் நீல மினுக்கு. வண்டு என்று நாம் சொன்னாலும் அதுவும் ஒரு காட்டுத் தேனீதான்.

"நீ பேசுவியா?" என்றாள் சடைச்சி.

"பேச ஆள் இருந்தால் பேசுவேன். என் இனத்தில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். இந்தக் கட்டையை நீ விட்டுக்கொடுத்திருந்தால் அதுவும் இல்லை" என்றது கருவண்டு. சொல்லிவிட்டுப் பறந்துபோய் ஒரு கத்தரிப்பூவைக் கட்டிப் பிடித்தது. இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைத்து 'ம்ம்ம்' என்று ஒரு முழக்கம் முழங்கியது. பூவுக்குள்ளிருந்து மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டியது.

நான்காம் நாள் அந்தப் பூ இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு பிஞ்சு. குப்பாண்டி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் நிலத்தைப் புதுக் கண்ணால் பார்த்தார்கள். வரப்போரம் ஒரு கட்டாந்தரை இருந்தது. சடைச்சி அதைக் கொத்திவிட மண்வெட்டியை ஓங்கினாள். எழுத்தாணி முனை அளவுக்கு ஒரு ஓட்டையிலிருந்து குட்டித் தேனீ ஒன்று தலை நீட்டியது. மண்வெட்டியைக் கீழே போட்டாள். வீட்டின் பின்சுவரைப் பூசலாம் என்று சேறு குழைத்தார்கள். விரிசலில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதன் வாயில் கொசுத்தேனீக்கள் நாலைந்து காவல் நின்றன. குழைத்த சேற்றைக் கோழிக் கூட்டுக்குப் பூசினார்கள்.

மழைக்கு முளைத்த தும்பையைப் பிடுங்கவில்லை. ஆவாரையை வெட்டவில்லை. துளசியைப் பூக்கவிட்டார்கள். துவரை பூத்து ஓயும்போது முருங்கை பூக்க வேண்டும், முருங்கை ஓயும்போது எள் பூக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து விதைத்தார்கள். ஓட்டுச் சில்லில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள், குடிக்க வருகிறவை மூழ்கிவிடாமல் கால் ஊன்றிக் கொள்ள. செடியில் பூச்சி விழுந்தால் மருந்துக் கஷாயம் தெளிக்காமல் கையால் பொறுக்கினார்கள்.

துடைப்பம் வந்தது. "இது குப்பையா?"

"கட்டை வீடு" என்றாள் சடைச்சி.

"இது குப்பையா?"

"களை சாப்பாடு."

"இது குப்பையா?"

"மண் தொட்டில்."

துடைப்பம் திரும்பிப் போயிற்று. அடுத்த மாதமும் வந்தது, அடுத்த மாதமும் திரும்பிற்று. ஒரு வருஷத்தில் கருவண்டு முப்பதாயிற்று. கட்டாந்தரையில் ஓட்டைகள் நூறாயின. நாடெல்லாம் பஞ்சம் பார்க்க, அக்கரை அரைக்காணி மட்டும் காய்த்துக் குலுங்கியது. சடைச்சி கூடை கூடையாகப் பரிசல் ஏற்றி ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பினாள்.

அங்கே வெள்ளைமலையில் மாசறுத்தான் கண்ணாடியில் முகம் பார்த்தான். கண்ணோரம் ஒரு சுருக்கம். அவன் இளமையின் ரகசியமே தேனீக்கள்தான். ஒவ்வொரு தேனீயின் ரீங்காரமும் அவனுக்கு ஒருநாள் ஆயுள். பிடித்துவந்த தேனீக்களின் ரீங்காரத்தையெல்லாம் உறிஞ்சிக் குடித்து முடித்துவிட்டான். புதிய ரீங்காரம் நாட்டில் ஒரே இடத்தில்தான் கேட்டது.

அவன் வழிப்போக்கன் வேஷத்தில் அக்கரைக்கு வந்தான். தோளில் வெள்ளைத் துணி சுற்றிய மூட்டை. அதற்குள் துடைப்பம்.

"அம்மா, இவ்வளவு நல்ல தோட்டத்தில் இந்த உளுத்த கட்டை எதற்கு?"

"வீடு சாமி."

"இந்தக் களை?"

"சாப்பாடு சாமி."

"இந்த ஓட்டை மண்?"

"தொட்டில் சாமி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மிதிச்சிடப் போறீங்க."

மந்திரவாதி பல்லைக் கடித்தான். பூசணிக்கொடிக்கு நடுவில் குனிந்து நின்ற குப்பாண்டியைப் பார்த்தான். "அங்கே நிற்பது உன் புருஷனா? பெயர் என்ன?"

"பேர் சொல்ற வழக்கம் இல்லீங்க" என்று சடைச்சி வெட்கப்பட்டாள். ஆனால் பரிசல்காரனிடம் அந்தப் பெயரை அவன் ஏற்கெனவே கேட்டு வந்திருந்தான்.

கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினான். குப்பாண்டியின் காலடியில் ஒரு கருநாகம் படமெடுத்தது.

"ஏங்க!" என்று கத்தினாள் சடைச்சி.

தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அதே 'ஏங்க'தானே? "இதோ வர்றேன்" என்றான் அவன், நிமிராமலேயே.

"ஏங்க! ஏங்க! ஐயோ... குப்பாண்டி! ஓடு!"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவை. குப்பாண்டி துள்ளிக் குதித்தான். நாகம் வெறும் கயிறாகி விழுந்தது. மூட்டைக்குள்ளிருந்து துடைப்பம் சீறிப் பாய்ந்தது. அதற்கு முழுப் பெயர் எதற்கு? 'குப்' என்று காதில் விழுந்தால் போதாதா?

"சுத்தம் சுத்தம் சுத்தம்! சுவடே இல்லாத சுத்தம்!"

குப்பாண்டி நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

"உனக்கு உரியவனை உன் வாயாலேயே கொடுத்துவிட்டாய்" என்று மாசறுத்தான் வேஷம் கலைத்துச் சிரித்தான். "புருஷன் வேண்டுமென்றால் மூன்று நாளில் வெள்ளைமலைக்கு வா. உன் நிலத்தில் இருக்கும் பூச்சியெல்லாம் குப்பை என்று ஒரு வார்த்தை சொல். அவனைக் கொண்டுபோ."

சடைச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அழுதாள். இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் காலை கருவண்டு வந்து அவள் முழங்காலில் உட்கார்ந்தது.

"சொல்லிவிடு சடைச்சி. எங்களுக்காக உன் மனுஷனை இழக்காதே. ஏன் என்று நாங்கள் கேட்கமாட்டோம்."

சடைச்சி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "அவரு திரும்பி வந்து, அந்தக் கத்தரிச் செடியைப் பார்த்துட்டு, என்னைப் பார்ப்பாரே, அப்ப நான் எங்கே பார்க்கிறது? முடியாது. இருபது வருஷம் பெருக்கினவ நான். அவன் வீட்டுக் குப்பை எந்த வழியாப் போகுதுன்னு பார்த்துட்டு வர்றேன். நீ என் கூட வா."

கருவண்டைக் கொண்டைக்குள் ஒளித்துக்கொண்டாள். வெள்ளைமலைக்கு நடந்தாள்.

மலை மேல் வெள்ளை மாளிகை. வெள்ளைப் படிகள் நூற்றெட்டு. ஒரு புல் இல்லை, ஓர் எறும்பு இல்லை.

"சொல்ல வந்தாயா?" என்றான் மாசறுத்தான்.

"சொல்லத்தான் வந்தேன் சாமி. ஆனா, ஒரு வருஷமா எதையும் குப்பைன்னு சொல்லாம வாய் மரத்துப்போச்சு. உங்க மாளிகையைக் காட்டுங்க. எது குப்பை, எது இல்லைன்னு நீங்க சொல்லக் கேட்டா, எனக்கும் வாய் வந்துடும்."

புகழ்ச்சி அவனுக்குப் பிடிக்கும். முதல் கூடத்தைக் காட்டினான். நிறையப் பொன். "இது குப்பையா சாமி?" "அசடே, இது பொன்!" இரண்டாம் கூடத்தைக் காட்டினான். நிறையப் பட்டு. "இது குப்பையா சாமி?" "அசடே, இது பட்டு!"

மூன்றாம் கூடத்தில் கூரை முட்டும்வரை கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் தேனீக்கள். கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, மலைத்தேனீ, கருவண்டு. இறக்கை அசைந்தது, சத்தம் இல்லை. இத்தனை தேனீ இருக்கும் இடத்தில் அவ்வளவு நிசப்தம். கடைசியில் ஒரு பெரிய ஜாடிக்குள் குப்பாண்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான்.

சடைச்சி கூடத்தின் வாசல் கதவு இரண்டையும் நன்றாகத் திறந்து வைத்தாள். "வெளிச்சம் வரட்டும் சாமி, அழகாப் பார்க்கலாம்" என்றாள். பிறகு கொண்டையைத் தட்டினாள்.

'ம்ம்ம்' என்று கருவண்டு முழங்கியது.

மாசறுத்தானின் நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு வருஷப் பசி. "எங்கே அது? எங்கே? கொடு!" என்று கைகளை நீட்டிக்கொண்டு வந்தான்.

சடைச்சி பின்னால் நகர்ந்தாள். "எதுக்கு சாமி இந்த ஒத்தை வண்டு? இதோ ஜாடி ஜாடியா வெச்சிருக்கீங்களே, ஆயிரமாயிரம். இதையெல்லாம் விடவா?"

"அதில் என்ன இருக்கிறது? உறிஞ்சித் தீர்த்தாகிவிட்டது! அந்த ஜாடியெல்லாம் வெறும் குப்பை! எனக்கு அதைக் கொ..."

சொல்லி முடிக்கவில்லை. மூலையில் நின்ற துடைப்பம் நிமிர்ந்தது. உரியவன் வாயாலேயே சொல்லிவிட்டான் அல்லவா?

"சுத்தம் சுத்தம் சுத்தம்! சுவடே இல்லாத சுத்தம்!"

"நில்! நில்!" என்று மாசறுத்தான் கத்தினான். எந்தத் துடைப்பம் கேட்டது? வீட்டுக் குப்பை வாசல் வழியாகத்தானே போகும்! ஜாடிகள் எல்லாம் வாசலைத் தாண்டின. நூற்றெட்டுப் படிகளில் உருண்டன. முதல் படியில் பத்து உடைந்தது, பத்தாம் படியில் நூறு உடைந்தது, கடைசிப் படியில் ஒன்று மிச்சமில்லை.

உடைந்த ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் தேனீக்கள் எழும்பின. ஒவ்வொன்றும் தன் ரீங்காரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டது. ஒருநாள், ஒருநாள், ஒருநாளாக மாசறுத்தானை விட்டு முந்நூறு வருஷமும் கழன்றது. கறுத்த முடி நரைத்தது, நிமிர்ந்த முதுகு வளைந்தது, உரத்த குரல் கிசுகிசுப்பானது. கடைசி ரீங்காரம் வெளியே வந்தபோது வெள்ளை அங்கிக்குள் ஆள் இல்லை. துடைப்பமும் ஈர்க்கு ஈர்க்காகக் கழன்று விழுந்தது.

மலையே அதிர்ந்தது. ஆயிரமாயிரம் தேனீக்கள் ஒரே சமயத்தில் பாடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

கீழ்ப் படியில் குப்பாண்டி கண்ணாடித் துண்டுகளை உதறிக்கொண்டு எழுந்து நின்றான். சடைச்சி நூற்றெட்டுப் படியையும் ஓடியே இறங்கினாள்.

"அடி பட்டுதாங்க?"

"இல்ல. நம்ம கத்தரிக்குத் தண்ணி ஊத்தினியா?"

"ரெண்டு நாளா அழுதுக்கிட்டே இருந்தேன். எங்கே ஊத்தறது?"

"சரி வா, போய் ஊத்துவோம்" என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவர் தலைக்கு மேலும் தேனீக்கூட்டம் கருமேகம்போல் கூடவே வந்தது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. தேனீக்கள் திரும்பிவிட்டன, தங்க இடம் எங்கே இருக்கிறது? நாடு முழுக்கப் பெருக்கித் துடைத்த பளிங்கு. அரைக்காணி நிலத்தில் கிளைக்குக் கிளை தேனீ தொங்கியது. சேதி கேட்டு ராஜா வெண்மாறனே பரிசலில் வந்தார். பின்னால் ஊர் திரண்டு வந்தது.

"சடைச்சி, என் சிரிப்பால் வந்த வினை இது" என்று ராஜா தலை குனிந்தார். "பொன் கேள், மாளிகை கேள், தருகிறேன். இந்தத் தேனீக்களை நாடு முழுக்க அனுப்பு."

"அனுப்ப முடியாது மகாராஜா. அதுக யார் பேச்சையும் கேட்காது. இடம் விட்டா, தானா வரும்."

"என்ன இடம் விட வேண்டும்?"

"ஆளுக்கு ஒரு மூலை. அதைப் பெருக்காதீங்க, கொத்தாதீங்க, கொளுத்தாதீங்க. பட்டமரம் நின்னா நிக்கட்டும். களை பூத்தா பூக்கட்டும், காய்ஞ்ச பிறகு அறுங்க. மாசத்துக்கு ஒரு பூவாவது தோட்டத்தில இருக்கணும். ஒரு சில்லுத் தண்ணி வைங்க. அவ்வளவுதான்."

"என் நந்தவனத்திலுமா?" என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"முதல்ல அங்கேதான் மகாராஜா."

ராஜா ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, உளுத்த கட்டை ஒன்றைத் தானே தோளில் தூக்கினார். பட்டு அங்கி முழுக்க மரத்தூள். தும்மினார், இன்னொரு முறை தும்மினார், கீழே போடவில்லை. ஊர் ஆர்ப்பரித்தது. வந்தவர் எல்லாரும் ஆளுக்கொரு கட்டையோ, கைப்பிடித் தும்பை விதையோ எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆற்றங்கரை முழுவதையும் ராஜா சடைச்சியின் பெயருக்கே எழுதினார். வேலை போன மற்ற இருபத்தொன்பது பேரையும் அவள் கூப்பிட்டுக்கொண்டாள். பூக்காடு வளர்ப்பது அவர்கள் வேலையாயிற்று. மூட்டை கட்டிப் போனவர்கள் சேதி கேட்டுத் திரும்பி வந்தார்கள்.

அடுத்த தை மாதம் பளிங்கு நாட்டில் காய்த்த காய்ப்பு இருக்கிறதே! மாமரம் பிஞ்சு தாங்காமல் முட்டுக் கேட்டது. எள் காய் கட்டிச் சாய்ந்தது. கூரை மேல் ஏறிய பூசணியை இறக்க ஏணி போதவில்லை, நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். வீதியில் சருகு கிடந்தது, சுவரில் விரிசல் இருந்தது, வரப்பில் தும்பை பூத்தது. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று வேளையும் அடுப்புப் புகைந்தது.

அந்த நாட்டில் காய்த்ததுபோல் கதை கேட்ட உங்கள் கொல்லையிலும் காய்க்கட்டும். காய்த்ததில் வயிறு நிறையட்டும்!